பழைய டீசல் காரின் இரைச்சல்: முதலில் ஷீட்டா, மவுண்ட்டா?

பத்து வருடம் ஓடிய நாலு சிலிண்டர் டீசல் கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி எல்லாம் ஏற்றியிருந்தும் உள்ளே குரலை உயர்த்தித்தான் பேச வேண்டியிருக்கிறது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை மாதிரி இடத்தில் ஆக்சஸரீஸ் கடைக்குப் போனால் தகட்டில் ஒட்டி அதன் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட்டை எடுத்து நீட்டுவார்கள். மெக்கானிக்கிடம் போனால் பானெட்டைத் திறந்து, இன்ஜினைப் பாடியோடு பிடித்துத் தாங்கும் இன்ஜின் மவுண்ட்டைப் பார்ப்பார். இரண்டு பேரும் சொல்வது உண்மைதான். ஆனால் இரண்டு பேரும் சொல்வது வேறு வேறு சத்தத்தைப் பற்றி.

காதை அடைக்கிற மாதிரி "ம்ம்ம்" என்று ஓர் உறுமல் வருமே, அது பெரும்பாலும் இரும்பு வழியாக வருவது. இன்ஜினின் அதிர்வு மவுண்ட்டைத் தாண்டி பாடியில் ஏறி, தரைத் தகட்டையும் கூரையையும் ஸ்பீக்கர் போல அதிர வைக்கிறது. டீசலுக்கே உரிய அந்தக் கடகட சத்தம் பெரும்பாலும் காற்று வழியாக, ஃபயர்வாலில் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்புத் தகடு) வயர் நுழையும் ஓட்டைகளிலும் கியர் லீவர் உறையின் கிழிசலிலும் புகுந்து வருகிறது.

உறுமலுக்கு ஒரு சின்னக் கணக்கு உண்டு. நாலு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு சிலிண்டர் எரியும். 2000 ஆர்பிஎம்மில் அது நொடிக்கு சுமார் 67 முறை. 67 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 5 மீட்டருக்கும் மேல். அதைப் பத்து மில்லிமீட்டர் ஃபோம் உறிஞ்சிவிடும் என்று யாராவது சொன்னால், சரி என்று தலையாட்டிவிட்டுக் கிளம்பிவிடலாம்.

இந்த உறுமலுக்கு என் ஓட்டு மவுண்ட்டுக்குத்தான். அதன் ரப்பர் காலப்போக்கில் இறுகும், வெடிப்பு விடும். திரவம் நிரப்பிய வகையாக இருந்தால் ஒழுகிவிடும். ஐடிலில், அதாவது வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது, ஸ்டீயரிங் நடுங்குவது, ஏசி போட்டதும் அது கூடுவது, அணைக்கும்போது வண்டி ஒரு குலுக்கு குலுக்குவது எல்லாம் இதன் அறிகுறிகள். கெட்டியான பாலியூரித்தேன் மவுண்ட் நீண்ட நாள் உழைக்கும் என்பார்கள். உழைக்கும்தான், ஆனால் அதிர்வை அப்படியே உள்ளே அனுப்பும்.

மவுண்ட்டோடு சேர்த்து சைலன்சரையும் பார்த்துவிட வேண்டும். தொங்கவிடும் ரப்பர் அறுந்தால் குழாய் பாடியில் இடிக்கும். குழாயில் வளைந்து கொடுக்கும் பகுதியான ஃப்ளெக்ஸ் பைப் கிழிந்தால், செலவைக் குறைக்க நேர்க்குழாயை வைத்து வெல்டிங் அடித்துவிடும் பட்டறைகளும் உண்டு. ஒழுகல் நிற்கும், அதிர்வு கூடும். ஒழுகலை அப்படியே விடுவதும் ஆபத்து. சத்தத்தோடு கார்பன் மோனாக்சைடும் கேபினுக்குள் வரலாம்.

டேம்பிங் ஷீட்டுக்கு இதில் இடமே இல்லையா? இருக்கிறது. பியூட்டைல் ரப்பரும் மேலே அலுமினியத் தாளும் கொண்ட இந்த ஷீட் தகட்டின் அதிர்வை வெப்பமாக்கி அடக்கும். கதவு சாத்தும் சத்தமே மாறும், கூரையில் மழைச் சத்தம் குறையும். தகட்டை முழுக்க மூட வேண்டியதில்லை. தட்டிப் பார்த்து, அதிகம் அதிரும் நடுப்பகுதியில் ஒட்டினாலே பெரும்பங்கு பலன் கிடைத்துவிடும். முழுக்க ஒட்டினால் எடை கூடுவதுதான் மிச்சம். விலை குறைவு என்று தார் ஷீட்டை வாங்கினால் மே மாத வெயிலில் இளகி நாறும். கதவின் அடியில் உள்ள தண்ணீர் வடியும் ஓட்டைகளை அடைத்துவிட்டால் துருதான். அப்புறம், உள்ளலங்காரத்தைக் கழற்றும்போது உடையும் கிளிப்புகளால் புதிதாகக் கிறீச்சிடும் சத்தம் ஒன்று இலவசமாகச் சேரும்.

காற்று வழிச் சத்தத்துக்குக் கனமான வினைல் விரிப்பு நல்லது. தடுப்பின் எடை இரட்டிப்பானால் சுமார் 6 டெசிபல் குறையும் என்பது கணக்கு. ஆனால் பரப்பில் ஒரு சதவீதம் ஓட்டை இருந்தால், எவ்வளவு கனமாகப் போட்டாலும் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. அதனால் ஓட்டைகளின் ரப்பர் வளையங்களையும் கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கையும் மாற்றிவிட்டு விரிப்பை வாங்குங்கள். பானெட்டுக்கு அடியில் ஒட்டும் விரிப்பு உள்ளே பெரிய வித்தியாசம் தராது. நம் ஊரில் அது எலிக்குப் படுக்கை. சாதாரண ஃபோமாக இருந்தால் எண்ணெய் குடித்துத் தீப்பிடிக்கவும் செய்யலாம்.

எதிர் ஒலி எழுப்பி உறுமலை அழிக்கும் மின்னணு முறைக்கு 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. 67 ஹெர்ட்ஸ் மாதிரி தாழ்ந்த ஒலிதான் அதன் களம். ஆனால் அது கார் தயாராகும்போதே வர வேண்டியது, பழைய வண்டிக்கு நடைமுறையில் இல்லை.

எது முதலில் என்று முடிவு செய்ய, வண்டியை நிறுத்தி நியூட்ரலில் மெல்ல 2500 வரை ஏற்றிப் பாருங்கள். உறுமல் வந்தால் மவுண்ட், சைலன்சர். நிற்கும்போது அமைதி, ஓடும்போது மட்டும் இரைச்சல் என்றால் டயர் சத்தத்தையோ, வண்டியில் காற்று மோதும் சத்தத்தையோ சந்தேகியுங்கள். அங்கே ஷீட் கடைக்காரருக்கு வேலை உண்டு.

ஆம்னி, ஈக்கோ மாதிரி பெட்ரோல் வேன் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்த வரிசை பொருந்தாது. இன்ஜின் முன் சீட்டுக்கு அடியிலேயே இருப்பதால், மூடியைச் சுற்றிய பீடிங்கும் மூடியின் கனமும்தான் அங்கே முதல் செலவு.