வடசேரி வாழைக்குலைக் கடை: இரகம் அறிந்து வாங்க விரும்புவோருக்கு

நாகர்கோவில் வடசேரிச் சந்தையை ஒட்டிய தெருவில், பெயர்ப் பலகை ஏதுமின்றி நடக்கும் வாழைக்குலைக் கடை ஒன்றைப் பற்றிய மதிப்புரை இது. சீப்புகளை அறுத்துக் கூடையில் குவித்து, ‘நாட்டுப்பழம்’ என்ற பொதுப்பெயரில் விற்கும் கடைகள் பெருகிவிட்ட காலத்தில், இங்கே குலைகள் முழுதாகக் கயிற்றில் தொங்குகின்றன. ஒவ்வொரு குலையிலும் இரகத்தின் பெயரும் அது வந்த ஊரின் பெயரும் எழுதிய அட்டை கட்டப்பட்டிருக்கிறது. வாழை இரகங்களைக் கண்ணால் பார்த்துப் பிரித்தறியக் கற்க விரும்புபவருக்கு இந்த ஊரில் இதைவிட நல்ல இடத்தை நான் கண்டதில்லை.

குலை முழுதாக இருப்பது ஏன் முக்கியம் என்பதைச் சொல்ல வேண்டும். சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு என்னும் அறிவியலாளர்கள் 1955-ல் வகுத்த முறைதான் வாழை வகைப்பாட்டுக்கு இன்றும் அடிப்படையாக இருக்கிறது. மூசா அக்யுமினாட்டா, மூசா பால்பிசியானா என்னும் இரண்டு காட்டு இனங்களிலிருந்தே நாம் உண்ணும் வாழைகளில் பெரும்பாலானவை வந்தன என்பதால், 15 பண்புகளை எடுத்துக்கொண்டு, அக்யுமினாட்டாவை ஒத்திருந்தால் 1, பால்பிசியானாவை ஒத்திருந்தால் 5 என மதிப்பெண் கொடுத்து, கூட்டுத்தொகை 15-க்கும் 75-க்கும் இடையில் எங்கே விழுகிறது என்று பார்த்தார்கள். தண்டின் நிறம், இலைக்காம்பின் பள்ளம், கூம்பின் (வாழைப்பூவின்) மடல் பின்னோக்கிச் சுருள்கிறதா இல்லையா என்பன போன்ற அந்தப் பண்புகளில் பெரும்பாலானவை மரத்திலும் பூவிலுமே இருக்கின்றன. கூடையில் கிடக்கும் தனிச்சீப்பில் அவற்றைத் தேட முடியாது. இந்தக் கடையில் சில குலைகளைக் கூம்போடு தொங்கவிடுகிறார்கள் என்பதால், மடலையாவது தொட்டுப் பார்க்க முடிகிறது.

பழத்தை மட்டும் வைத்து அறியக்கூடியவற்றைக் கடைக்காரர் பொறுமையாகக் காட்டுகிறார். கற்பூரவல்லியின் தோல்மேல் சாம்பல் பூத்தாற்போல் ஒரு மெழுகுப் படலம் இருக்கும். விரலால் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரியும். அதை ஒரு முறை தேய்த்துப் பார்த்தவர் பிறகு எந்தச் சந்தையிலும் ஏமாற மாட்டார். அக்யுமினாட்டாவின் பங்கை ஏ என்றும் பால்பிசியானாவின் பங்கை பி என்றும் குறிப்பார்கள்; பால்பிசியானாவின் பங்கு மிகுந்த ஏ.பி.பி. குழுவைச் சேர்ந்த இரகம் கற்பூரவல்லி. சில பழங்களில் கறுத்த விதைகூட அகப்படும். ரஸ்தாளிக்கு வேறு அடையாளம். நன்கு பழுத்ததும் சீப்பிலிருந்து பழம் தானாகவே உதிர்ந்துவிடும், உள்ளே சில நேரம் பழுக்காத கட்டி இருக்கும். அதனால்தான் அவர் ரஸ்தாளிக் குலையை மட்டும் கை படாத உயரத்தில் கட்டியிருக்கிறார். ஏத்தனை, அதாவது நேந்திரனை, யாரும் வேறொன்றாக மயங்க வழியில்லை. நீளமும் விளிம்பு எழுந்த தடித்த தோலுமே போதும். “தோல் நல்லா கறுக்கட்டும், அப்புறம் தின்னுங்க” என்று சொல்லித்தான் அதைக் கொடுக்கிறார்.

இந்தக் கடைக்கு வெளியூர்க்காரர்கள் தேடி வருவது மட்டிக்காக. கன்னியாகுமரி மாவட்டத்துக்கே உரிய இந்தச் சிறுபழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பால்பிசியானாவின் கலப்பே இல்லாத ஏ.ஏ. குழு இரகம் என்பதால் மற்ற உள்ளூர்ப் பழங்களோடு இதைச் சேர்த்து வைக்க முடியாது. தேனின் மணமும் குழைந்த சதையும் உடையது. குழந்தைக்கு முதலில் ஊட்டும் பழமாக இந்தப் பக்கத்து வீடுகளில் மட்டியையே நம்புகிறார்கள். செம்மட்டி வரும் நாளில் அதைத் தனி அட்டையோடு தொங்கவிடுகிறார்கள். மற்ற கடைகளில் இந்த அக்கறையைக் காண்பது அரிது.

குறைகளும் உண்டு, அவை சிறியவை அல்ல. ‘ரசகதலி’ என்ற அட்டையோடு ஒரு குலையும், ‘ஏலக்கி’ என்ற அட்டையோடு மற்றொன்றும் அடுத்தடுத்துத் தொங்குகின்றன. இரண்டாவதற்கு விலை கூடுதல். இரண்டும் ஒரே இரகம்தான். கேரளத்தார் அதையே ஞாலிப்பூவன் என்பார்கள். பெயர் மாறியதற்காக வாங்குபவர் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை. பூவன் குலைக்கும் விளக்கம் தேவைப்படுகிறது. எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருபவர்கள் பூவன் என்றால் நம்முடைய ரஸ்தாளியை எதிர்பார்க்கிறார்கள்; நம்முடைய பூவன் அவர்களுக்குப் பாளையங்கோடன். அட்டையில் இரண்டு பெயரையும் எழுதினால் தீர்ந்துவிடும்.

‘மலைவாழை’ என்ற அட்டை எனக்கு இன்னும் பெரிய வருத்தம். மலைவாழைகளான விருப்பாட்சி, சிறுமலை ஆகிய இரண்டும் 2008-ல் தனித்தனியே புவிசார் குறியீடு பெற்றவை. இலைகள் உச்சியில் கொத்தாகக் குறுகிப்போகும் முடிக்கொத்து என்னும் வைரஸ் நோயால் கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி வெகுவாக அழிந்து, பெரும் முயற்சியால் மீட்கப்பட்டு வருகிறது. அந்தப் பழத்துக்கு உரிய விலையைக் கொடுக்கும்போது, அது எந்த மலையிலிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளும் உரிமை நமக்கு உண்டு. மற்ற குலைகளுக்கெல்லாம் ஊர்ப்பெயர் எழுதும் இந்தக் கடை இதற்கு மட்டும் எழுதாமல் விடுவது பொருந்தவில்லை.

பழுக்கவைப்பதில் குறை சொல்ல ஏதுமில்லை; மூடிய அறையில் புகை போட்டுத்தான் பழுக்கவைக்கிறார்கள், அறையைப் பார்க்கக் கேட்டால் காட்டவும் செய்கிறார்கள். மட்டியும் செந்துளுவனும் (செவ்வாழை) விலை கூடுதலாகத்தான் இருக்கும். அரைச் சீப்பு கேட்டாலும் முகம் கோணாமல் அறுத்துக் கொடுக்கிறார்கள். காலையில் குலை இறங்கும் நேரத்தில் போவது நல்லது. மதியத்துக்குப் பிறகு மட்டி பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது, கூம்புகளையும் கறிக்கு வெட்டி விற்றுவிடுகிறார்கள்.