"குளூட்டன் ஃப்ரீ" மாவு வாங்குகிறீர்களா? எங்கே அரைக்கிறார்கள் என்று கேளுங்கள்

சீலியாக் நோய் உள்ள பிள்ளைக்கு வெளியில் மாவு வாங்குகிறவர்கள் இதைப் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

என் மகளுக்கு இந்த நோய் இருக்கிறது. கோதுமை, பார்லி, ரை மூன்றிலும் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், அவள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உள்சுவரைத் தாக்கும். அந்தத் தானியங்களை வாழ்நாள் முழுக்க ஒதுக்குவதுதான் சிகிச்சை. நான் வேலைக்குப் போகிறவள். அதனால் வாட்ஸ்அப்பில் மாவு விற்கும் ஒரு பெண்ணிடம் கம்பு, சோளம், பாதாம் மாவுகளை மாதாமாதம் வாங்கி வந்தேன். "100% குளூட்டன் ஃப்ரீ, வீட்டிலேயே அரைத்தது" என்று பாக்கெட்டில் போட்டிருந்தது. மகளின் நோயைப் பற்றி முதலிலேயே சொல்லியிருந்தேன். "கவலையே படாதீங்கக்கா, எங்க வீட்டுக்குள்ள கோதுமையே வராது" என்றார். விலை கடை மாவைப் போல மூன்று மடங்கு.

அப்புறம் மகளுக்கு வயிற்று உப்புசமும் பேதியும் திரும்ப ஆரம்பித்தன. எடை இறங்கியது. ரத்தத்தில் டிடிஜி பரிசோதனை (இந்த நோயைக் காட்டும் எதிர்ப்புப் பொருளின் அளவைப் பார்ப்பது) எடுத்தால், நன்றாகக் குறைந்து வந்த அளவு மறுபடி ஏறியிருந்தது. "எங்கேயோ கோதுமை உள்ள போகுது, தேடுங்க" என்றார் டாக்டர். பெருங்காயத்தைக்கூட மாற்றிப் பார்த்தோம். (கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதாவோ கோதுமை மாவோ இருக்கும், லேபிளைப் பாருங்கள்.)

மாவை நேரிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனபோது, "மில்லுக்குப் போயிருக்கா" என்றார் அவருடைய மாமியார். மில் பக்கத்துத் தெருவில். ஒருவர் சம்பா கோதுமையை அரைத்து வாங்கிக்கொண்டு நகர்ந்தார். அதே இயந்திரத்தில் அந்தப் பெண்ணின் கம்பைக் கொட்டினார்கள். மாவு விழும் வாயில் கட்டியிருந்த துணிக்குழாயை மில்காரர் இரண்டு தட்டு தட்டினார். பழுப்புத் தவிட்டோடு கோதுமை மாவு பொலபொலவென்று உதிர்ந்தது, அந்தப் பெண்ணின் டின்னுக்குள்ளேயே. அதன்மேல் சாம்பல் நிறத்தில் கம்பு மாவு விழ ஆரம்பித்தது. மில்காரர்மேல் தப்பில்லை. அவரிடம் யாரும் நோய் என்று சொல்லவில்லையே.

கேட்டதற்கு அந்தப் பெண் சொன்ன பதில்தான் மனசை இன்னும் அறுக்கிறது. "நான் கோதுமை சேர்க்கவே இல்லையேக்கா. ஒட்டியிருக்கிற ஒரு ஸ்பூன் மாவு என்ன பண்ணிடும்?" பணமும் திரும்பி வரவில்லை. அன்று இரவே என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

என்ன பண்ணும் என்று சொல்கிறேன். குளூட்டன் ஃப்ரீ என்று எழுத வேண்டுமானால், நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதிப்படி ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது. ஒரு டீஸ்பூன் கோதுமை மாவிலேயே சுமார் 200 மில்லிகிராம் இருக்கும். அது ஒரு கிலோ கம்பு மாவில் கலந்தாலே வரம்பைப் போல பத்து மடங்கு. கண்ணுக்கும் தெரியாது, நாக்குக்கும் தெரியாது.

அதனால் விற்கிறவரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள்: எந்த இயந்திரத்தில் அரைக்கிறீர்கள், அதில் வேறு என்ன அரைபடுகிறது, லேப் ரிப்போர்ட் உண்டா? பாக்கெட்டில் உள்ள 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண் உணவுத் தொழில் நடத்த அனுமதி இருப்பதைத்தான் காட்டும். குளூட்டன் இல்லை என்பதற்கு அது சான்று ஆகாது.

இப்போது எல்லாம் வீட்டில்தான். கம்பையும் சோளத்தையும் தாம்பாளத்தில் பரப்பி, கோதுமை மணி கிடந்தால் பொறுக்கி எடுத்து, கழுவி, நன்றாகக் காயவைத்து அரைக்கிறேன். மிக்ஸி ஜார் தனி, சல்லடையும் புதிது, ஏனென்றால் பழைய சல்லடைக் கண்ணில் சிக்கிய மாவைக் கழுவி எடுத்துவிட்டோம் என்று நம்ப முடியாது. கம்பு மாவு சீக்கிரம் கசந்துவிடும், வாரத்துக்கு வேண்டியதை மட்டும் அரைத்து ஃப்ரிட்ஜில் வைக்கிறேன். பாதாமை வெந்நீரில் போட்டுத் தோலுரித்து, ஈரமே இல்லாமல் காயவைத்து, விட்டு விட்டு அரைக்க வேண்டும். மிக்ஸியைத் தொடர்ந்து ஓடவிட்டால் எண்ணெய் பிரிந்து விழுதாகிவிடும்.

ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் புகார் கொடுத்திருக்கிறேன். பாக்கெட் படம், பணம் அனுப்பிய ரசீது, அந்தப் பெண் வாட்ஸ்அப்பில் கொடுத்த உறுதி எல்லாம் இணைத்திருக்கிறேன். பிரிக்காத பாக்கெட் ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கிறேன், அதிகாரிகள் கேட்டால் கொடுக்க. உங்கள் பிள்ளைக்கும் இப்படி வந்திருந்தால், கோபத்தில் மாவைக் குப்பையில் கொட்டிவிடாதீர்கள்.