மாளிகைமேட்டுக்கு எது பொருந்தும்: ஏஆரா, விஆரா, இரும்புச் சட்டமா?

கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலை அண்ணாந்து பார்த்துவிட்டு, அதே மனநிலையில் மாளிகைமேட்டுக்குப் போனால் மனசு கனத்துவிடும். முதலாம் ராஜேந்திரனின் அரண்மனை நின்ற இடம் அது. சுமார் 250 ஆண்டுகள் சோழர் தலைநகராக இருந்த ஊரில், அரண்மனையின் மிச்சமாக நம் கண்ணுக்குத் தெரிவது செங்கல் அடித்தளங்கள்தான். கோயிலுக்கும் சேதம் இல்லாமல் இல்லை. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே கீழணை கட்டியபோது, கோயிலின் மதில் கற்களைப் பெயர்த்து எடுத்துப்போனார்கள்.

போனதை மீண்டும் கண்முன் நிறுத்த என்ன வழி? செங்கல்லை அடுக்கி அரண்மனையைப் புதிதாகக் கட்டுவதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அசல் அடித்தளத்தின் மேல் நம் கற்பனையை ஏற்றினால், அப்புறம் எது சோழர் காலத்தது, எது நம்முடையது என்று யாருக்கும் தெரியாது.

அடுத்தது விஆர் என்கிற மெய்நிகர் கண்ணாடி. ரோமில் நீரோவின் பொன் மாளிகையில் 2017 முதல் இதைப் பயன்படுத்துகிறார்கள். அந்த மாளிகை இன்று மண்ணுக்கடியில் இருக்கிறது. அங்கே ஒரு கூடத்தில் உட்கார்ந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டால் பழைய ஒளியும் தோட்டமும் தெரியும். இருட்டான, மூடிய இடம் என்பதால் அங்கே பொருந்துகிறது. மாளிகைமேடு திறந்த வெளி. அங்கே போய் கண்ணை மூடிக்கொண்டு படம் பார்ப்பதென்றால் அரியலூர் வரை எதற்கு வரவேண்டும்? காலடியில் இருக்கும் அசல் செங்கல்லையே அது மறைத்துவிடும்.

ஏஆர் என்கிற மிகை மெய்ம்மை அப்படி மறைக்காது. செங்கல் தெரியும், அதன் மேலேயே திரையில் சுவர் எழும். இது புதிய யோசனையும் இல்லை. கிரேக்கத்தின் ஒலிம்பியாவில் 2000-களின் தொடக்கத்திலேயே, முதுகில் கணினியும் தலையில் திரையும் மாட்டிவிட்டு சோதித்துப் பார்த்தார்கள். இன்று அதே வேலையைக் கையில் இருக்கும் போன் செய்கிறது.

ஆனால் சிக்கல்கள் உண்டு. வெறும் ஜிபிஎஸ்ஸை நம்பினால் சுவர் சில மீட்டர் தள்ளி நிற்கும். கேமரா தரையின் அடையாளங்களைப் படித்துப் பொருத்தினால்தான் சரியாக உட்காரும். சுவருக்குப் பின்னால் நிற்கும் ஆள் சுவருக்கு முன்னால் நிற்பதுபோல் தெரிந்தால் மாயம் கலைந்துவிடும். உச்சி வெயிலில் திரை மங்கும், போன் சுடும். இதையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை, செயலியின் ஆயுள்தான். போனின் இயங்குதளம் மாற மாற யாராவது அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் நிற்கும் இரும்புச் சட்டம் ஏஆரை முந்துகிறது. அமெரிக்கத் தலைவரும் விஞ்ஞானியுமான பெஞ்சமின் பிராங்க்ளினின் வீடு 1812-இல் இடிக்கப்பட்டது. அது வெளியே எப்படி இருந்தது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லாததால், கட்டடக் கலைஞர் ராபர்ட் வென்டூரியின் குழு 1976-இல் வீட்டின் வடிவத்தை வெறும் எஃகுச் சட்டமாக நிறுத்தியது. தெரிந்தது கோடு, தெரியாதது வெட்டவெளி. இந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆஸ்திரியாவின் கார்னுண்டத்தில் செலவு இன்னும் குறைவு. சிதைந்த ரோமானிய வாயிலுக்கு எதிரே, அதன் முழு உருவத்தைக் கோடாக வரைந்த கண்ணாடிப் பலகை நிற்கிறது. அதன் வழியே பார்த்தால் இடிபாடும் கோடும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். மின்சாரமே தேவையில்லாத ஏஆர்!

மாளிகைமேட்டில் எஃகுச் சட்டம் நடுவது சரிவராது. இன்னும் தோண்ட வேண்டிய மண்ணில் அதற்காகக் குழி வெட்ட முடியாது.

அதனால் என் தேர்வு ஏஆர்தான், ஒரு நிபந்தனையோடு. அகழாய்வில் கூரை ஓடுகளும் இரும்பு ஆணிகளும் கிடைத்திருக்கின்றன. மரச்சட்டத்தில் ஓடு வேய்ந்த கூரை என்று ஊகிக்க அது போதும். சுவரின் உயரத்துக்கும் சிற்ப வேலைப்பாட்டுக்கும் அது போதாது. ஆகவே, அடித்தளத்திலிருந்து உறுதியாகச் சொல்ல முடிந்த பகுதி அழுத்தமான நிறத்திலும், ஊகித்த பகுதி மங்கலான கோட்டிலும் வர வேண்டும். சினிமா செட் போல எல்லாவற்றையும் பளபளப்பாக்கினால், பள்ளிப் பிள்ளைகள் அதையே வரலாறு என்று மனதில் பதித்துக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள்.

வருகிறவர்களின் போனை நம்பாமல், வாசலில் டேப்லெட் வாங்கி, பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிற ஏற்பாடு இருந்தால் நல்லது. அதற்குப் பணம் சேரும் வரை, மேட்டின் ஓரத்தில் கார்னுண்டத்தில் இருப்பதுபோல ஒரு கண்ணாடிப் பலகையை நிறுத்திவிடலாம்.