குவாலிகிஸை நேரடியாக ஓட்டுவதா, நியூரல் நெட்வொர்க்கா?

டோகமாக் என்பது அணுக்கரு இணைவுக்காகச் சூடான பிளாஸ்மாவைக் காந்தப் புலத்தால் அடைத்துவைக்கும் வளைய வடிவ இயந்திரம். அதன் மையத்திலிருந்து வெப்பம் எவ்வளவு வெளியே கசிகிறது என்று கணக்கிட மூன்று வழிகளைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன்: பிளாஸ்மாக் கொந்தளிப்பைக் கணக்கிடும் குவாலிகிஸ் நிரலையே ஓட்டுவது, அதன் விடைகளைக் கற்றுக்கொண்ட கியூஎல்கேஎன்என் நியூரல் நெட்வொர்க், சில கணக்குகளை வைத்து மற்ற விடைகளை ஊகிக்கும் காசியன் பிராசஸ் என்ற புள்ளியியல் முறை. அன்றாட வேலைக்கு நெட்வொர்க்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2020-இல் வெளியான கியூஎல்கேஎன்என்-10டி என்ற பதிப்பு, குவாலிகிஸின் 30 கோடி கணக்கீடுகளை வைத்துப் பயிற்றுவிக்கப்பட்டது. இங்கிலாந்தின் ஜெட் டோகமாக்கின் மூன்று ஷாட்டுகளில் (ஷாட் என்பது இயந்திரத்தின் ஒரு முறை ஓட்டம்) சோதித்தபோது, மணிக்கணக்கில் ஓடும் சிமுலேஷன் சில பத்து விநாடிகளில் முடிந்தது. இறுதி விடையில் வித்தியாசம் 1 முதல் 15 சதவீதம் வரை.

நான் பார்த்தது வேறு ஒன்றை: மாறுநிலைச் சரிவு. வெப்பநிலைச் சரிவு, அதாவது மையத்திலிருந்து வெளியே போகப்போக வெப்பநிலை குறையும் வேகம், ஓர் அளவைத் தொடும்வரை கொந்தளிப்பு அநேகமாக இருக்காது. தாண்டிவிட்டால் வெப்பம் மடை திறந்தது போல வெளியேறும். அதனால் பிளாஸ்மா பெரும்பாலும் அந்த வரம்பை ஒட்டியே நிற்கிறது. நெட்வொர்க்கின் சராசரிப் பிழை எவ்வளவு குறைவாக இருந்தாலும், இந்த ஓர் இடத்தில் மழுங்கினால் எல்லாம் வீண்.

முதலில் நானே அயனி வெப்பம், எலக்ட்ரான் வெப்பம், துகள் ஓட்டம் மூன்றுக்கும் தனித்தனி நெட்வொர்க் பழக்கினேன். சோதனைத் தரவில் எல்லாம் அழகாகப் பொருந்தியது. சிமுலேஷனில் இணைத்ததும், அயனி வெப்பம் இன்னும் பூஜ்யமாக இருக்கும் சரிவிலேயே துகள்கள் ஓடத் தொடங்கின. அடர்த்திக் கோட்டின் நடுவில் ஒரு பொய்ப் பள்ளம்! கொந்தளிப்பின் ஒரே அலை உண்டாக்கும் ஓட்டங்கள் ஒன்றாகத்தான் தொடங்க வேண்டும்.

கியூஎல்கேஎன்என் இதைப் பயிற்சியிலேயே சரிசெய்கிறது. அயனி வெப்பம் போன்ற ஒரு முதன்மை ஓட்டத்தை மட்டும் நேரடியாகக் கற்கிறது. மற்றவற்றை அதோடு உள்ள விகிதமாகக் கற்கிறது. முதன்மை ஓட்டம் பூஜ்யமானால் மற்றவையும் தானாகவே பூஜ்யம். கொந்தளிப்பு இல்லாத புள்ளியில் ஓட்டம் இருப்பதாகச் சொன்னால் பயிற்சியின்போது அபராதமும் உண்டு. என் பள்ளம் மறைந்தது இப்படித்தான்.

காசியன் பிராசஸ் தன் விடையோடு நிச்சயமின்மையையும் சேர்த்துத் தருகிறது. அது பெரிய பலம். இந்த முறையைப் பயன்படுத்தும் எம்ஐடியின் போர்ட்டல்ஸ் நிரல், சிஜைரோ என்ற கொந்தளிப்பு நிரலின் கனமான கணக்குகளைச் சில புள்ளிகளில் மட்டும் ஓட்டி, போகப்போகக் கற்று, ஸ்பார்க் என்ற டோகமாக்குக்குக் கணிப்பு தந்தது. காலத்தோடு மாறாத நிலையைக் கணக்கிட அது அருமை. நான் சிறிய கணக்குகளில் மட்டுமே ஓட்டியிருக்கிறேன், என் சொல்லை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

நெட்வொர்க்கை நம்பும்போது ஒன்றை மறக்கக் கூடாது. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? குவாலிகிஸ் வட்டக் குறுக்குவெட்டை வைத்துக் கணக்கிடுகிறது, மின்காந்த விளைவுகளைச் சேர்ப்பதில்லை. கோள வடிவ டோகமாக்குகளுக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். பயிற்சி எல்லைக்கு வெளியே போனாலும் நெட்வொர்க் தயங்காமல் ஒரு விடை தரும். அதனால் ஒவ்வொரு புதிய ஷாட்டுக்கும், கடைசி நேரப்புள்ளியில் மூன்று ஆரங்களில் குவாலிகிஸை ஓட்டி ஒப்பிட்டுவிட்டே அடுத்ததற்குப் போகிறேன்.