எத்தாக்சிகுயினா, வைட்டமின் ஈயா?

மீன் தீவனத்தில் சேரும் மீன்தூளில் உள்ள எண்ணெய் காற்று பட்டால் சூடேறும். கப்பலில் தீப்பிடிக்கவும் செய்யும். அதைத் தடுக்கத்தான் எத்தாக்சிகுயின் என்ற பதப்படுத்தும் வேதிப்பொருள். மலிவானது, நாள்படத் தாங்கும். ஆனால் அதைக் கலப்பது பெரும்பாலும் மீன்தூள் ஆலை. அதனால் மீன் தீவனம் செய்பவர், "நாங்கள் சேர்க்கவில்லையே" என்று டப்பாவில் வெறும் "மீன்தூள்" என்று போட்டு முடித்துவிடுகிறார். எனக்கு இதுதான் பொறுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2017-இல் அனுமதியை நிறுத்திவைத்த பொருள் இது. வாங்குபவருக்குத் தெரிய வேண்டாமா?

எண்ணெய் கெடாமல் இருக்க அதற்குப் பதிலாகச் சேர்க்கும் டோகோஃபெரால், அதாவது வைட்டமின் ஈ, சீக்கிரம் வலுவிழக்கும். டப்பாவைத் திறந்து சில மாதம் போனால் காறல் வாடை அடிக்கும். சின்ன டப்பாவாக வாங்க வேண்டும், விலையும் கூடுதல். சரி, இருக்கட்டும். பெயரை மறைக்காமல் அச்சிட்டிருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன். மீன்தூளில் என்ன கலந்திருக்கிறது என்று கேட்டால் நேராகப் பதில் சொல்லும் கம்பெனி என்றால் இன்னும் நல்லது.