டேட்டா கியூபைக் கோடாகப் பார்க்க எந்தக் கருவி? டிஎஸ்9, க்யூஃபிட்ஸ்வியூ, குளூ, கார்ட்டா

சிலி நாட்டின் பாரனல் மலையில், விஎல்டி தொலைநோக்கியில் 2014 முதல் மியூஸ் என்ற நிறமாலைக் கருவி இயங்கிவருகிறது. அது எடுக்கும் ஒரு காட்சியில் ஏறக்குறைய 300க்கு 300 பிக்சல். ஒவ்வொரு பிக்சலிலும் 4750 முதல் 9350 ஆங்ஸ்ட்ராம் (அலைநீளத்தை அளக்கும் அலகு) வரை, 1.25 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் அளந்த முழு நிறமாலை. இரண்டு அச்சில் வானம், மூன்றாவதில் அலைநீளம் என்று அடுக்கிய இந்தத் தரவுதான் டேட்டா கியூப். ஆக, ஒரே கியூபில் சுமார் 90,000 நிறமாலைகள்! படமாகத் திறந்தால் ஒரு நேரத்தில் ஓர் அலைநீளத் தளம்தான் கண்ணில் படும். மீதி மூவாயிரத்து அறுநூறு சொச்சம் தளங்களில் என்ன நடக்கிறது என்று அறிய, அலைநீளத்துக்கு அலைநீளம் ஒளி எவ்வளவு என்று காட்டும் கோட்டு வரைபடத்தைத்தான் நம்ப வேண்டும்.

இதற்கு இலவசமாகக் கிடைக்கும் நான்கு மென்பொருள் கருவிகளை என்ஜிசி 628 என்ற சுருள் விண்மீன் திரளை வைத்து ஒப்பிடுகிறேன். அந்தத் திரள் நொடிக்குச் சுமார் 657 கிலோமீட்டர் வேகத்தில் விலகிப் போவதால், 6563 ஆங்ஸ்ட்ராமில் வரவேண்டிய ஹைட்ரஜன் ஆல்ஃபா கோடு (ஹைட்ரஜன் வாயு விடும் சிவப்பு ஒளி, வரைபடத்தில் ஒரு மேடாக நிற்பது) 6577 பக்கம் தெரியும். எந்தக் கருவியைத் திறந்தாலும் முதலில் இதைத் தேடிப் பாருங்கள். அலைநீள அச்சைச் சரியாகப் படித்திருக்கிறதா என்று உடனே தெரிந்துவிடும்.

டிஎஸ்9 பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஒரு வட்டம் போட்டு 'பிளாட் 3டி' கொடுத்தால் கோடு வரும், வட்டத்தை நகர்த்தினால் கோடும் மாறும். கோப்பு உருப்படியாக இருக்கிறதா என்று பார்க்க அது போதும்.

க்யூஃபிட்ஸ்வியூ வேறு ரகம். ஜெர்மனியின் கார்ச்சிங்கில் உள்ள மேக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் உருவானது. மவுஸை எங்கே கொண்டுபோனாலும் அந்த இடத்தின் நிறமாலை அந்தக் கணமே கீழே ஓடும். கியூப் முழுவதையும் நினைவகத்தில் ஏற்றிக்கொள்வதால் வரும் வேகம் இது; சாதாரண மியூஸ் கியூபில் ஒளி அளவீடுகள் மட்டுமே 1.3 ஜிபி. சுருள் கரத்தின் மேலே மெதுவாக நகர்த்திக்கொண்டே போனால், இளம் விண்மீன்கள் பிறக்கும் முடிச்சுகளில் ஆல்ஃபா கோடு குபீரென்று உயர்வதையும், முடிச்சைத் தாண்டியதும் அடங்குவதையும் பார்க்கலாம். ஒரு கியூபோடு பழக இதைவிட நல்ல வழியை நான் பார்த்ததில்லை. ஆனால் பார்த்ததைக் குறித்துவைத்து, நாலைந்து இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அலச குளூதான் என் தேர்வு.

குளூவில் படத்தின் மேல் வரைந்த ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு நிறம். கோட்டு வரைபடத்திலும் அதே நிறத்தில் ஒரு கோடு. கோட்டின் மேல் ஓர் அலைநீளத்தைச் சொடுக்கினால் படம் அந்தத் தளத்துக்குத் தாவும். ஒரு வீச்சைத் தேர்ந்து, அதை மட்டும் சுருக்கிப் புதிய படம் எடுக்கலாம். கோட்டிலிருந்து படத்துக்குத் திரும்பும் இந்த வழிதான் எனக்கு முக்கியம். அது இல்லாத கருவியில் ஒரு மேட்டைக் கண்டுபிடித்தாலும், அது எந்த இடத்தைச் சேர்ந்தது என்று தேடி அலைய வேண்டியிருக்கும்.

குளூவில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடமும் உண்டு. ஒரு பகுதியில் 500 பிக்சல் இருந்தால், 500 நிறமாலைகளை ஒரே கோடாக எப்படிச் சுருக்குவது? குளூ முதலில் எடுத்துக்கொள்வது உச்ச மதிப்பை. அப்படி வரைந்தால் ஒவ்வொரு அலைநீளத்திலும் வெவ்வேறு பிக்சல் ஜெயித்திருக்கும். அந்தக் கோடு வானத்தின் எந்த ஓர் இடத்தின் நிறமாலையும் அல்ல. 7200 ஆங்ஸ்ட்ராமுக்கு மேல் நம் வளிமண்டல ஒளிர்வின் மிச்சங்கள் எல்லாம் கூர்கூராக எழுந்து நிஜக் கோடுகளைப் போலவே நிற்கும். சராசரிக்கு மாற்றினால் அவற்றில் பெரும்பாலானவை அடங்கிவிடும்.

அதற்காக உச்ச மதிப்பை ஒதுக்கிவிடவும் கூடாது. பெரிய பகுதிக்குள் சின்னதாக ஒரு கோள் நெபுலா (பிளானட்டரி நெபுலா, முதிர்ந்த விண்மீன் உதறிய வாயு முகில்) ஒளிந்திருந்தால், 5018 ஆங்ஸ்ட்ராமில் தெரியவேண்டிய அதன் ஆக்ஸிஜன் கோடு சராசரியில் கரைந்துபோகும், உச்சத்தில் தலைதூக்கும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதே சரி. கூட்டுத்தொகை மட்டும் வேண்டாம். பரப்பு வேறுபட்ட இரண்டு பகுதிகளை ஒப்பிடும்போது பெரும்பாலும் பெரியதே ஓங்கித் தெரியும்.

கார்ட்டா உருவானது ரேடியோ வானியலுக்காக. அல்மா, மீர்கேட் மாதிரி தொலைநோக்கிகளின் கியூப்கள் மடிக்கணினியில் அடங்காது. அதனால் கணக்கெல்லாம் சர்வரில் நடக்கும், பிரவுசரில் கோடு மட்டும் வரும். இதில் எனக்குப் பிடித்தது அவர்கள் வட்டில் செய்திருக்கும் வேலை. வானியலில் வழக்கமான ஃபிட்ஸ் கோப்பில் தரவு தளம் தளமாக அடுக்கப்பட்டிருக்கும். மியூஸ் கியூபில் ஒரே ஒரு பிக்சலின் நிறமாலையை எடுக்க, சுமார் 360 கேபிக்கு ஒருமுறை தாவித் தாவி மூவாயிரத்து அறுநூறு தடவைக்கு மேல் படிக்க வேண்டும். கார்ட்டாவுக்காக எச்டிஎஃப்5 என்ற கோப்பு வடிவத்துக்கு மாற்றினால், அச்சு திருப்பிய இன்னொரு பிரதியும் கோப்புக்குள் சேரும். ஒரு நிறமாலை முழுவதும் ஒரே இடத்தில் தொடர்ச்சியாகக் கிடைக்கும். வட்டில் இடம் கூடுதலாகப் போகும், சரி. பெரிய கியூபில் மவுஸோடு சேர்ந்து கோடு நகர அந்த விலை கொடுக்கலாம்.

கார்ட்டாவிலும் கோட்டைச் சொடுக்கினால் தளம் மாறும், மேட்டின் மேல் காஸியன் (மணி வடிவ வளைவு) பொருத்தவும் முடியும். ஆனால் கோட்டில் பிடித்த ஒரு வீச்சை அப்படியே சிதறல் வரைபடத்துக்கும் ஹிஸ்டோகிராமுக்கும் தேர்வாக எடுத்துப்போகும் குளூவின் தாராளம் அதில் இல்லை. அதனால் பெரிய கியூப் என்றால் கார்ட்டாவில் இடத்தையும் அலைநீள வீச்சையும் கண்டுபிடித்து, அந்தத் துண்டை மட்டும் தனி ஃபிட்ஸாகச் சேமித்து, அப்புறம் குளூவில் திறக்கிறேன்.