போனை அணைப்பதா, நேரத்தைப் பூட்டுவதா, ஆளைச் சேர்ப்பதா?

மட்டக்களப்பில் வீட்டிலிருந்தபடி வெளிநாட்டுக் கம்பனிக்குக் கோட் எழுதுபவர்களைக் களைக்க வைப்பது முதலில் கடிகாரம்தான். லண்டனில் மாலை 5 மணி என்றால் இங்கே கோடையில் இரவு 9.30, குளிர்காலத்தில் 10.30. நியூயோர்க்கில் காலை 9 மணிக்கு வேலை தொடங்கும்போது இங்கே மாலை 6.30 அல்லது 7.30. தட்டில் புட்டைப் போட்டு மீன் குழம்பு ஊற்றும்போதுதான் வேலைச் செய்திகள் வரும் ஸ்லாக் செயலி டக் டக் என்று தட்டும். "சாப்பிட்டுட்டுப் பாரன் மனே" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருப்பார்.

இப்படிச் சில வருடம் ஓடினால் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருக்கும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் 'பர்ன்அவுட்' எனப்படும் இந்தச் சோர்வை நோய்களோடு சேர்க்காமல் தொழில் சார்ந்த நிலை என்று வகைப்படுத்தியது. தீராத களைப்பு, வேலைமேல் வெறுப்பு, 'என்னால் ஒன்றும் ஆகாது' என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். வேலையிலிருந்து வருவது என்பதால், எந்த வழியைப் பார்த்தாலும் நான் கேட்பது இதைத்தான்: நீங்கள் இல்லாத நேரத்தில் அந்த வேலை என்ன ஆகிறது?

முழுதாக அணைத்துவிட்டுப் போவதை எடுத்துக்கொள்வோம். அறுகம்பே கடற்கரை என்றால் வீண். சீசனில் கடைக்குக் கடை வைஃபை, மேசைக்கு மேசை லப்டொப். உண்மையாகவே தொடர்பு அறுந்துபோக வேண்டுமென்றால், கதிர்காமக் கொடியேற்றத்தை ஒட்டிக் காட்டுப் பாதை திறக்கும் நாட்களில் உகந்தை முருகன் கோயிலிலிருந்து குமண, யால காடுகள் வழியாகக் கதிர்காமம்வரை நடக்கலாம். சிக்னல் பெரும்பாலும் இருக்காது. இன்னொரு வசதியும் உண்டு. "கடற்கரைக்குப் போறன்" என்றால் லப்டொப்பையும் கொண்டு போகச் சொல்வார்கள். "கதிர்காமத்துக்கு நடக்கிறன்" என்றால் ஒருவரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள். நல்ல தூக்கம் வரும், கால் வலிக்கும், தலை தெளியும். ஆனால் திரும்பி வந்து போனைப் போட்டால் உங்கள் பெயரிலிருந்த வேலை அத்தனையும் அப்படியே கிடக்கும். இரண்டே நாளில் பழைய ஆளாகிவிடுவீர்கள்.

பட்டன் போனுக்கு மாறுவது நம் தொழிலுக்குத் தேறாது. வங்கியின் ஓடிபி எஸ்எம்எஸ்ஸில் வந்துவிடும், சரி. கோட் வைக்கும் கிட்ஹப் தளத்தில் நுழையக் குறியீடு தரும் செயலி பழைய போனில் கிடக்கும், கட்டாரிலிருக்கும் அண்ணா எடுக்கும் வட்ஸ்அப் கோலும் அதற்குத்தான் வரும். ஆக, இரண்டு போனையும் தூக்கிக்கொண்டு திரிவீர்கள்.

நேரத்தைப் பூட்டுவது இதைவிட எவ்வளவோ மேல். வேலை நேரம் முடிந்தபின் வரும் செய்திக்குப் பதில் போடாமலிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017 முதலும் அவுஸ்திரேலியா 2024 ஓகஸ்ட் முதலும் சட்டத்தில் வைத்திருக்கின்றன. மட்டக்களப்புக் கல்லடியில் இருந்துகொண்டு ஒப்பந்தத்தில் வேலை செய்பவரை அந்தச் சட்டங்கள் எட்டிப் பார்ப்பதில்லை. அதனால் நாமே எழுதி வாங்க வேண்டும்: எத்தனை மணிவரை பதில், எது அவசரம், நள்ளிரவில் எழுப்பினால் தனிக் கட்டணம் எவ்வளவு. வேலை தொடங்கும்போதே கேட்டுவிடுங்கள். ஆறு மாதம் இரவு முழுக்கப் பதில் போட்டுவிட்டு அப்புறம் கேட்டால் கோபித்துக்கொண்டீர்கள் என்றுதான் நினைப்பார்கள். லண்டன் வேலைக்கு மதியம் 1.30 முதல் இரவு 9.30 வரை என்று வைத்துக்கொண்டால் காலை உங்களுடையது. நியூயோர்க் வேலைக்கு இது கடினம். மாலையில் நாலு மணி நேரம் மட்டும் சேர்ந்திருப்போம் என்று பேசிப் பார்க்கலாம்.

ஆனால் சேர்வர் நம் பூட்டைப் பார்த்துப் படுப்பதில்லை, நடு இரவிலும் நின்றுபோகும். அதற்கு இரண்டாவது ஆள் வேண்டும். என் கணக்கில் இதுதான் முதலிடம். ஆள் யார் என்பதில்தான் கவனம். லினக்ஸ் கணினிகளில் பரவலாக உள்ள, கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியை ஒருவர் சம்பளமில்லாமல் பராமரித்து வந்தார். தன் மனநலம் நெடுநாளாகச் சரியில்லை என்று 2022இல் அவர் வெளிப்படையாகவே எழுதினார். வேகம் போதாது என்று சில கணக்குகள் நெருக்க, உதவிக்கு வந்த 'ஜியா டான்' என்ற பெயருக்கும் பராமரிப்புப் பொறுப்பில் பங்கு கிடைத்தது. அந்தப் பெயரிலேயே உள்ளே, திருட்டுத்தனமாக நுழைவதற்கான பின்கதவு வைக்கப்பட்டது. உள்நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாகிறதே என்று அன்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியியலாளர் துருவியதால் 2024 மார்ச்சில் அது பிடிபட்டது. களைத்துப்போன பிறகு ஆள் தேடினால் வருகிறவரை விசாரிக்கவும் தெம்பிருக்காது.

நமக்கு அவ்வளவு பெரிய ஆபத்தில்லை. வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் உங்களோடு படித்த ஒருவரோடு வாரம் மாற்றி இரவுப் பொறுப்பைப் பிரித்துக்கொள்ளலாம். கிளையன்டின் சம்மதம் வேண்டும், காசும் கொஞ்சம் பிரியும். உண்மையில் பலரைத் தடுப்பது, "கிளையன்டையே தூக்கிக்கொண்டு போய்விடுவானோ" என்ற பயம். பயம் நியாயம்தான். எழுத்தில் ஒப்பந்தம் போட்டால் பாதி குறையும்.

கம்பனியில் சம்பளத்துக்கு இருப்பவர் முதலில், இரவுப் பொறுப்பை ஆளுக்கு ஆள் மாற்றும் முறைப்பட்டியலைக் கேட்க வேண்டும். தனியாகச் செய்பவர் நேரத்தைப் பூட்டிவிட்டு ஆளைத் தேடலாம். காட்டுப் பாதை நடை, நேரமும் ஆளும் அமைந்த பிறகுதான். அதற்கு முன் சேர்வரை எப்படி மீளத் தொடக்குவது, பதிவுகள் எங்கே கிடக்கின்றன, யாருக்குச் சொல்வது என்பதை ஒரு தாளில் எழுதிக் கூட்டாளியிடம் கொடுத்து, ஒரு சனி ஞாயிறு வேலையை அவரிடம் விட்டுப் பாருங்கள். அவர் எதற்கெல்லாம் உங்களுக்குக் கோல் எடுக்கிறாரோ, அதெல்லாம் அந்தத் தாளில் விடுபட்டவை.